உப்புத் தங்காத உடம்பு

பஸ்ஸில் ஏறுகிறவர்கள் டிக்கெட் கேட்பதற்கு முன்னால் என் கிட்னியை விசாரிக்கிறார்கள். "என்ன ராசு, கிட்னி எப்படி இருக்கு?" என்று, தொழுவில் கட்டியிருக்கும் கன்றுக்குட்டியைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்கிறார்கள். நின்று பதில் சொன்னால் திருநகரில் ஏறியவர்கள் டிக்கெட் எடுக்காமலே திருமங்கலத்தில் இறங்கிவிடுவார்கள். அதனால்தான் ஒரே தடவையாக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். அதற்கு மேல் படித்ததெல்லாம் பயணிகள் சீட்டில் விட்டுப்போன பத்திரிகைகளில்தான். மருத்துவ விஷயத்தில் ஏதாவது பிசகு இருந்தால் அது என் காதுக் கோளாறு, டாக்டர்கள் சரியாகத்தான் சொன்னார்கள்.

மதுரையிலிருந்து பேரையூர் போகும் தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். எண்பதுகளின் தொடக்கத்தில், எனக்கு இருபத்தேழு வயது நடக்கும்போது இது நடந்தது. அதற்கு முன்னால் நான் நோயாளி என்று எனக்கே தெரியாது. தாகம் அதிகம், அவ்வளவுதான். பஸ் எங்கே நின்றாலும் தண்ணீர் குடிப்பேன், அடுத்த நிறுத்தத்தில் ஒதுங்க இடம் தேடுவேன். "கண்டக்டர் தண்ணி குடிக்கிறதப் பாத்தா எனக்கு வயிறு உப்புதுய்யா" என்பார் தினமும் வரும் ஒரு வாத்தியார். சட்டைப் பையில் சில்லறையோடு ஒரு காகிதப் பொட்டலத்தில் கல் உப்பும் இருக்கும். மற்றவர்கள் வெற்றிலை போடுவதுபோல நான் ஒரு கல்லை நாக்கின் அடியில் ஒதுக்கிக்கொள்வேன். சில நாள் டிக்கெட் கிழிக்கும்போதே விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கட்டைவிரல் உள்ளே மடங்கி, கை அப்படியே நின்றுவிடும். டிரைவர் கருப்பையா அண்ணன் பின்னால் திரும்பிப் பார்த்து, "என்ன மாப்ள, கையப் பாம்பு மாதிரி படம் எடுக்க விட்டுட்ட?" என்பார். நானும் சிரிப்பேன். சிறு வயதிலிருந்தே அப்படித்தான். எல்லாருக்கும் எப்போதாவது இப்படி ஆகும் என்று நினைத்திருந்தேன்.

இந்தக் கதையில் இன்னொரு விஷயத்தையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த வருஷம் தை மாதம் எனக்குக் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. பெண் என் அம்மாவின் அண்ணன் மகள், பாண்டியம்மா. செக்கானூரணிப் பக்கம் ஊர். யாரும் போய்ப் பெண் பார்க்கவில்லை, ஜாதகம் பார்க்கவில்லை. அவள் பிறந்ததிலிருந்தே எனக்கு என்றுதான் பேச்சு. எனக்கும் அதில் ஒரு குறையும் இல்லை. உண்மையைச் சொன்னால், மற்றவர்கள் முடிவு செய்து வைத்திருக்கும் ஒன்றை நானும் ஆசைப்பட்டது என் அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்திருந்தேன். என் அப்பாவும் அம்மாவும்கூட அப்படிக் கட்டியவர்கள்தான். சில வருஷம் முன்னால் காலமான அப்பா, அம்மாவுக்குச் சொந்த அத்தை மகன்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை, மதுரை நோக்கி வரும் நடையில், திருப்பரங்குன்றம் தாண்டியதும் என் கால்கள் இரண்டும் போய்விட்டன. வலிக்கவில்லை, மரத்துப்போகவும் இல்லை. எழுந்திரு என்று நான் சொல்கிறேன், கால் கேட்கவில்லை. படிக்கட்டுப் பக்கம் சரிந்து உட்கார்ந்துவிட்டேன். "காலங்காத்தாலயே ஊத்திட்டு வந்துட்டாம்ப்பா" என்று ஒருவர் சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது. கருப்பையா அண்ணன் அங்கிருந்தே கத்தினார்: "யோவ், அவன் குடிக்கிறது பூராம் குழாத் தண்ணிய்யா!"

அவர் பஸ்ஸைப் பஸ் ஸ்டாண்டுக்கு விடவில்லை. நேராக ஆஸ்பத்திரி வாசலுக்கு விட்டார். அன்றைக்கு பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஒரு அம்மாள் இரண்டு கோழிகளோடு வந்தாள். முதலாளியிடம் அண்ணன் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் பொட்டாசியம் என்ற சத்து அடிமட்டத்துக்குப் போயிருந்தது. பொட்டாசியம் என்பது ரத்தத்தில் இருக்கும் ஒரு வகை உப்புச் சத்து. தசை இழுக்கவும் விடவும் அது வேண்டும், இதயமும் தசைதான் என்று டாக்டர் சொன்னார். மூன்றரைக்குக் கீழே போகக்கூடாதாம். எனக்கு இரண்டைக்கூடத் தொடவில்லை. இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் கால் செய்த வேலையை நெஞ்சு செய்திருக்கும்.

அது ஏன் குறைந்தது என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. வாந்தி எடுக்கிறவர்களுக்கு, பேதி மாத்திரை விழுங்குகிறவர்களுக்கு, நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இப்படிக் குறையுமாம். பெரிய டாக்டர் என்னைத் துருவினார்.

"உண்மையச் சொல்லுப்பா. பேதிக்கு ஏதும் சாப்பிடுறியா? உடம்பு இளைக்க மாத்திரை?"

அருகில் நின்ற அம்மா என் விலாவைக் காட்டினாள். "இவன் இளைக்கிறதுக்கு மாத்திரை வேற வேணுமாக்கும்!"

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது, நம்பிக்கை வரவில்லை. ஒரு நாள் முழுவதும் நான் கழிக்கும் நீரைச் சேர்த்துவைத்துச் சோதிக்கச் சொன்னார். ஒரு பிளாஸ்டிக் கேன் கொடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் அது நிறைந்து இரண்டாவதும் நிறைந்தது. மூன்றாவதைக் கொண்டுவந்த ஆயா இடுப்பில் கை வைத்து நின்றாள். "ராசா, ஆளுக்கு ஒரு கேன்தான் குடுக்குறது. நீ வார்டுக்கே சேத்துப் பெய்யிற."

பக்கத்துக் கட்டிலில் ஒரு பாய் இருந்தார். மேலூரில் தையல் கடை வைத்திருந்தவர். அவருக்கும் கிட்னிதான், ஆனால் என்னுடையதற்கு நேர் எதிர். முகமும் காலும் ஊதி, நாள் முழுவதும் சேர்த்தாலும் கேனின் அடி நனையாது. "தம்பி, உங்க கேன்ல பாதிய என் பேர்ல எழுதச் சொல்லுங்களேன். நானும் வீட்டுக்குப் போவேன்ல" என்பார். அவர் கட்டிலின் தலைமாட்டில் ஒரு அட்டை தொங்கியது: உப்பு கூடாது.

அந்த அட்டையில்தான் ஆரம்பித்தது வினை.

அம்மா ஆஸ்பத்திரியிலேயே இருந்ததால் சமையலுக்கு ஆள் வேண்டும் என்று பாண்டியம்மா திருப்பரங்குன்றத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அத்தை வீடுதானே, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் மத்தியானம் தூக்குச்சட்டியோடு வருவாள். முதல் நாள் வந்ததும் பாய் கட்டில் அட்டையைப் படித்தாள், என்னைப் பார்த்தாள், என் தலையணையைத் தூக்கினாள். உப்புப் பொட்டலம் அங்கேதான் இருந்தது.

"என்னா மச்சான் இது?"

"சும்மாதான், வாய்க்கு."

"கிட்னி கெட்டவுகளுக்கு உப்பு வெஷமாம்ல. இம்புட்டு நாளும் இதத் தின்னுதான் இப்படிக் கெடக்கீக." பொட்டலத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "நான் நேந்துட்டேன். நீங்க எந்திரிச்சு நடந்து வீட்டுக்கு வார வரைக்கும் எனக்கும் உப்பு கெடையாது, உங்களுக்கும் கெடையாது. ஒரே ஒலையில வடிச்சு, ஒரே குழம்புதான் ரெண்டு பேருக்கும்."

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் இன்னொருவர் அம்மனுக்கு உப்பில்லாச் சோறு நேர்ந்துகொள்வார். ஆனால் நேர்ந்துகொண்டவர் மட்டும்தான் சாப்பிடுவார், நோயாளியை அதில் சேர்க்கிறதில்லை. பாய் தலைமாட்டு அட்டையும் அம்மன் நேர்த்தியும் அவள் கணக்கில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. பாயும் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "தம்பி, உங்களுக்கு இப்படி ஒரு பொண்ணு. என் வீட்டுல நான் உப்பில்லாம சாப்பிடுறப்ப எதிர்லயே உக்காந்து கருவாடு தின்னாங்க."

நான் சாப்பிட்டேன். ஒவ்வொரு வாயும் மண்ணைத் தின்பதுபோல இருந்தது. என் உடம்பு கல் உப்புக்கு அலைந்தது. கனவில்கூட மாங்காயும் உப்பும் வந்தன. ஆனால் கட்டிக்கொள்ளப் போகிறவள் நமக்காக உப்பில்லாமல் சாப்பிடும்போது ஒளித்துவைத்து உப்பு தின்ன எவனுக்கு மனம் வரும்? டாக்டர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பொட்டாசியம் மருந்து மட்டும் வேளாவேளைக்குக் கொடுத்தார்கள். அதன் ருசியைப் பற்றி ஒரு வார்த்தை: துருப்பிடித்த ஆணியைக் காய்ச்சி வடித்ததுபோல இருக்கும்.

ஏழாம் நாள் காலையில் எடை பார்க்க நிறுத்தினார்கள். மெஷினில் ஏறியது தெரியும். அடுத்து நான் பார்த்தது மின்விசிறியை. ரத்த அழுத்தம் அளந்த நர்ஸ், கருவி கெட்டுவிட்டது என்று வேறு கருவி எடுத்துவந்து அளந்தாள். கருவி கெடவில்லை, அழுத்தம்தான் அப்படி விழுந்திருந்தது. கண் குழிந்து, நாக்கு ஒட்டி, கிள்ளினால் தோல் அப்படியே நின்றது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்குப் பயம் வந்தது. அம்மா என் பாதங்களைத் தேய்த்துக்கொண்டே, "செல்வி மாதிரியே கெடக்கானே, செல்வி மாதிரியே கெடக்கானே" என்று முனகினாள். செல்வி என் தங்கை. ஏழு வயதில் ஒரு கோடையில் இரண்டு நாள் பேதியில் போய்விட்டாள்.

பெரிய டாக்டர் வந்தார். மருந்து ஏறுகிறது, ஆள் இறங்குகிறான், என்ன மாறியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த நேரம் பார்த்து பாண்டியம்மா தூக்குச்சட்டியோடு உள்ளே வந்தாள். அவர் அதைத் திறந்து ரசத்தில் விரல் நுனியை வைத்து ருசி பார்த்தார்.

"இதுல உப்பே இல்லையேம்மா."

"ஆமா டாக்டர்." அவள் பெருமையாகத்தான் சொன்னாள். "ஒரு வாரமா ஒரு கல்லு உப்பு கூட விடல. கிட்னிக்கு ஆகாதுல்ல?"

டாக்டர் தூக்குச்சட்டியை மூடி வைத்தார். என் அட்டையைப் புரட்டினார். பிறகு கூட நின்ற சின்ன டாக்டர்களைக் கூப்பிட்டு விளக்கினார். நான் மல்லாக்கப் படுத்துக் கேட்டதை என் பேச்சில் சொல்கிறேன். வாந்தியோ பேதி மாத்திரையோ காரணமாக இருந்தால், உப்பே சாப்பிடாதவனின் சிறுநீரகம் இருக்கிற உப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், நீரில் விடாது. இவன் ஒரு வாரமாக உப்பே தின்னவில்லை, நீர் பிரியும் மாத்திரையும் வார்டில் இவன் கைக்கு வராது. ஆனாலும் நீரில் உப்பு போய்க்கொண்டே இருக்கிறது. அப்படியானால் ஓட்டை சிறுநீரகத்திலேயே இருக்கிறது.

அவர் பாண்டியம்மா பக்கம் திரும்பினார். "நீ பண்ணது பெரிய தப்பும்மா. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா இவர் இருக்க மாட்டார். ஆனா ஒண்ணு, நான் யோசிச்சுப் பண்ணியிருக்க வேண்டிய டெஸ்ட்ட நீ பண்ணிட்ட."

அவளுக்கு இரண்டாவது பாதி காதில் விழவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதாள். உப்புத் தண்ணீரைப் பாட்டில் பாட்டிலாக என் நரம்பில் ஏற்றினார்கள். மறுநாள் எழுந்து உட்கார்ந்தேன். அன்று மத்தியானம் அவள் கொண்டுவந்த குழம்பில் ஒரு கடலே இருந்தது. "இப்ப சரியா மச்சான்?" என்றாள், கண் இன்னும் வீங்கியிருந்தது. பாய் மூக்கை உறிஞ்சி, "வாசத்துலயே எனக்குக் கால் வீங்கிரும் போலயே, அந்தப் பக்கம் வச்சுச் சாப்பிடுங்க தம்பி" என்றார்.

சந்தேகம் உறுதியாக வேண்டும் என்றால் சிறுநீரகத்தில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். குப்புறப் படுக்கவைத்து, வயிற்றுக்கு அடியில் மணல் மூட்டை வைத்து, முதுகில் மரத்துப்போக ஊசி போட்டு, பிறகு நீளமான இன்னொரு ஊசி. "மூச்சை இழுத்து நிறுத்துங்க" என்பார்கள். மூச்சு விட்டால் சிறுநீரகம் ஏறி இறங்குமாம். நிறுத்தினேன். உள்ளே யாரோ விரலால் சுண்டியதுபோல இருந்தது, அவ்வளவுதான் வலி. வந்தது ஒரு சேமியாத் துண்டு அளவு. அதன் பிறகு ஒரு நாள் முழுக்க அசையாமல் கிடக்க வேண்டும். நீர் சிவப்பாகப் போனது. சொல்லி வைத்திருந்ததால் பயப்படவில்லை. எனக்குச் சோறு ஊட்டியது கருப்பையா அண்ணன். வண்டி ஓட்டும் கை, ஒவ்வொரு உருண்டையும் எலுமிச்சம்பழம் அளவு. "வாயத் திற மாப்ள, கியர் போடுறேன்" என்பார்.

பத்து நாள் கழித்து, நான் நடமாட ஆரம்பித்ததும், அந்தத் துணுக்கைப் பரிசோதித்த டாக்டரம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவருக்கும் அப்படி ஒரு நோயாளியைப் பார்ப்பது அதுதான் முதல் தடவையாம். கண்ணாடிச் சில்லை மைக்ராஸ்கோப்பில் வைத்து, "உங்களோடதுதான், பாருங்க" என்றார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு என் சிறுநீரகத்தை நான் பார்த்தேன். கத்திரிப்பூ நிறமும் ரோஸும் கலந்து, சேலைத் துணி மாதிரி இருந்தது.

"உருண்டையா, நூல்கண்டு மாதிரி தெரியுதா? அதுலதான் ரத்தம் வடிகட்டப்படுது. இந்த மாதிரி ஒரு கிட்னிக்குப் பல லட்சம். அந்தக் கண்டுக்குள்ள ரத்தக்குழாய் நுழையுற வாசல்ல கூட்டமா சில செல் நிக்குது பாருங்க. சாதாரணமா அங்க நாலஞ்சு இருக்கும், தேடித்தான் கண்டுபிடிக்கணும். உங்களுக்கு எவ்வளவு இருக்கு?"

"டாக்டரம்மா, சித்திரைத் திருவிழாவுக்கு நிக்கிற மாதிரி நிக்கிதுக."

அவர் சிரித்தார். அந்தச் செல்கள் என்ன வேலை செய்கின்றன என்று நான் கேட்க, நான் கண்டக்டர் என்று தெரிந்துகொண்டு அதற்குத் தக்கபடி சொன்னார். அவை செக்கிங் இன்ஸ்பெக்டர்கள். ரத்தத்தில் உப்பும் அழுத்தமும் குறைந்தால் ஒரு ரசாயனத்தை விட்டு உடம்பு முழுவதற்கும் தகவல் சொல்லும். உடனே உப்பைப் பிடித்துவைக்கும் வேலை தொடங்கும். என் சிறுநீரகக் குழாயில் பிறவியிலேயே ஒரு இடத்தில் உப்பைத் திரும்ப வாங்கும் வழி கெட்டிருக்கிறது. அங்கே உப்பு ஒழுகிக்கொண்டே இருக்கிறது. செக்கர்கள் இருபத்தேழு வருஷமாகக் கத்திக்கொண்டே இருக்கிறார்கள். கத்திக் கத்தி ஒரு செக்கர் பத்தானான், பத்து நூறானான். வேறொரு இடத்தில் உப்பைப் பிடிக்கும் அவசரத்தில் உடம்பு பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடுகிறது. அதனால்தான் கை மடங்கியது, கால் விழுந்தது.

"அப்ப இந்தச் செல்லுகள வெட்டி எடுத்துட்டா சரியாயிருமா?"

"அவங்க திருடங்க இல்லைங்க. திருட்டு நடக்குறதால பெருகுன காவக்காரங்க."

நோய்க்கு ஒரு வெளிநாட்டு டாக்டரின் பெயரை வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அது வாயில் நுழையவில்லை. 'உப்பு ஒழுகுற வியாதி' என்றாள், அதுவே போதும். குணமாக்க மருந்து இல்லை, கட்டுக்குள் வைக்கலாம். பொட்டாசிய மருந்து, அந்தச் செல்களின் சத்தத்தைக் குறைக்க மூட்டுவலிக்காரர்களுக்குக் கொடுக்கும் ஒரு மாத்திரை, வாழைப்பழம், இளநீர். உப்பு வேண்டிய அளவு.

எழுந்து வரும்போது டாக்டரம்மா கேட்டார்: "உங்க அம்மா அப்பா சொந்தமா? கூடப் பிறந்தவங்க யாராவது சின்ன வயசுல இறந்திருக்காங்களா?"

சொன்னேன். செல்வியின் தாகத்தைச் சொன்னேன், அவள் உப்புப் பானையில் கைவிட்டு அடி வாங்கியதைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். இந்த நோயின் வித்து ஒருவரிடம் ஒன்று மட்டும் இருந்தால் அவருக்கு எதுவும் செய்யாது, வெளியே தெரியவும் தெரியாது. அம்மா பக்கம் ஒன்று, அப்பா பக்கம் ஒன்று என இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தால்தான் நோய். சொந்தத்தில் கட்டும்போது அப்படிச் சேர வாய்ப்பு அதிகம்.

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"தையில. மாமா மக."

அவர் நாற்காலியைக் காட்டி மறுபடியும் உட்கார வைத்தார். பிறகு சொன்னார். மாமாவிடம் அந்த வித்து இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மாமாவிடம் இருந்தால் மகளுக்கும் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். அவளிடம் இருந்தால் எங்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளில் ஒவ்வொன்றுக்கும் பாதிக்குப் பாதி. அவளிடம் இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. வெளியில் கட்டினால் ஏறக்குறைய பயமே இல்லை. பார்த்துச் சொல்ல ஏதாவது பரிசோதனை இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்.

வார்டுக்குத் திரும்பி அம்மாவிடம் சொன்னேன். அவள் முதலில் பேசியது செல்வியைப் பற்றி. பதினான்கு வருஷமாக, அந்தக் கோடையில் பிள்ளையைத் தண்ணீர் குடிக்கவிடாமல் தடுத்துத் தானே சாகவிட்டதாக உள்ளேயே வைத்துப் புழுங்கியிருக்கிறாள். எனக்கு அது அன்றுவரை தெரியாது. அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத யார்ட்டயும் சொல்லாத" என்றாள்.

"எப்படிம்மா?"

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்னுதான சொன்னாக? இல்லன்னே வச்சுக்குவோம். சொன்னேன்னா, பொண்ணு வேணாங்கிறதுக்கு வழி தேடுறான்னு எங்கண்ணன் நினைக்கும். எனக்குப் பொறந்த வீடுன்னு இருக்கது அது ஒண்ணுதான்டா."

இரண்டு நாள் நான் சொல்லவில்லை. அம்மாவுக்காக என்று எழுதினால் நன்றாக இருக்கும். எனக்காகத்தான். பாண்டியம்மா சோறு போட்டுக்கொண்டே, கல்யாணத்துக்கு எடுக்கப்போகும் சேலை அரக்கா பச்சையா என்று கேட்பாள். நான் பச்சை என்பேன். பாதிக்குப் பாதி என்று மனதுக்குள் ஓடும். டிக்கெட் கொடுப்பதுபோல ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று கிழித்துக் கொடுக்கிறேன், எந்த டிக்கெட்டில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

மூன்றாம் நாள் மாமா வந்தார். சாத்துக்குடி வாங்கி வந்திருந்தார். பாண்டியம்மாவும் இருந்தாள். டாக்டரம்மா சொன்ன அத்தனையையும் சொல்லிவிட்டேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

மாமா எழுந்து நின்றார். "எங்கப்பன் எண்பது வயசு வரைக்கும் ஏர் பூட்டுனவருடா. எங்க ரத்தத்துல கோளாறுங்கிறியா? என் மகள வேணாம்னு சொல்றதுக்கு ஒனக்கு டாக்டரம்மா ஒருத்தி தொணைக்கு வேண்டியிருக்கா?"

"வேணாம்னு நான் சொல்லல மாமா. தெரிஞ்சதச் சொல்றேன்."

"வேற எவளப் பாத்து வச்சிருக்க?"

பாய் தன் கட்டிலிலிருந்து, "அண்ணே, புள்ள முடியாம கெடக்கு, கொஞ்சம் உக்காந்து பேசுங்க" என்றார். மாமா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

பாண்டியம்மா அப்பாவைத் தாண்டி என் கட்டில் அருகே வந்தாள். ஆஸ்பத்திரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு அந்த வித்து இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. பெத்துப் பாத்தாத்தான் தெரியும்."

"ரெண்டுல ஒண்ணுன்னா, முதப் புள்ளைக்கு இல்லன்னா ரெண்டாவதுக்கு வருமா?"

"அப்படி வரிசையில்ல. ஒவ்வொண்ணுக்கும் புதுசா பாதிக்குப் பாதி."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் செல்விக்கும் ஒரே வயது. விடுமுறைக்கு வந்தால் இருவரும் ஒரே பாயில்தான் படுப்பார்கள்.

"செல்விய நான்தான் தூக்கிக்கிட்டுத் திரிவேன். கால் வலிக்குதும்பா. ஒரே வயசு, ஆனா அவ வெயிட்டே இருக்க மாட்டா." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நான் பெத்ததையும் அப்படித் தூக்கிக்கிட்டுத் திரிய என்னால ஆகாது மச்சான்."

"புள்ளையே வேணாம்னு இருந்துட்டா?" நான்தான் கேட்டேன். எல்லாரும் கேட்கும்படி, வெட்கமில்லாமல் கேட்டேன்.

"எனக்கு வேணும்" என்றாள்.

மாமா அவளைக் கூட்டிக்கொண்டு அன்றே ஊருக்குப் போய்விட்டார். தூக்குச்சட்டி அங்கேயே இருந்தது. சாப்பிட்டேன், உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஐந்து வாரம் முடிந்து வீடு வந்தேன். முதலாளி என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார், இளநீர் மட்டும் பஸ்ஸில் வெட்டக்கூடாது என்ற நிபந்தனையோடு. மாத்திரையைச் சோற்றுக்குப் பிறகுதான் போட வேண்டும், இல்லாவிட்டால் வயிறு எரியும். இது இந்த மருந்து சாப்பிடும் எல்லாருக்கும். பாய் எனக்கு இரண்டு வாரம் முன்னாலேயே ஊருக்குப் போய்விட்டார். தை மாதம் ஒரு சாதாரண மாதமாகப் போனது. மாமா வீட்டிலிருந்து பொங்கல் சீர் வரவில்லை. அம்மா வாசலைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

அடுத்த வருஷம் ஆவணியில் மாமா ஆள் அனுப்பினார். பாண்டியம்மாவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை உறவே இல்லாத குடும்பம், சோழவந்தான் பக்கம், விவசாயம். பெண்ணை வெளியே கொடுப்பதென்றால் எங்கள் வழக்கத்தில் அத்தை மகன் சபையில் நின்று சம்மதம் சொல்ல வேண்டும். அவன் தாம்பாளத்தை எடுத்து மாப்பிள்ளை வீட்டார் கையில் கொடுத்தால்தான் பேச்சு மேலே போகும். சம்மதம் இல்லை என்றாலும் அங்கேயே சொல்லலாம். அதற்காக நின்றுபோன நிச்சயங்கள் உண்டு.

போனோம். அம்மா அண்ணன் வீட்டுப் படியில் கால் வைத்ததும் அழுதாள். மாமா அவளை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, ஆனால் உள்ளே போய்த் தானே ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை நின்று, செம்பைத் திரும்ப வாங்கி, "இன்னும் வேணுமா?" என்று கேட்டார். முக்கால் வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

பந்தலில் கூட்டம் நிறைய. பாண்டியம்மா பெண்கள் நடுவில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அரக்குச் சேலை. ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து, "முறைப்பையன் இருக்கானாப்பா? பொண்ண வெளிய குடுக்கிறதுல ஒனக்குச் சம்மதந்தானா?" என்று கேட்டார்.

எழுந்தேன். தாம்பாளத்தை இரண்டு கையாலும் தூக்கினேன். விரல்கள் ஒழுங்காகத்தான் பிடித்திருந்தன, மருந்து வேலை செய்தது. சம்மதம் என்று சொன்னேன். சொன்னதாகத்தான் நினைத்தேன். பெரியவர் காதைத் திருப்பிக்கொண்டு நின்றார். சபையில் சலசலப்பு. "என்னப்பா, சொல்றானா இல்லையா?" என்றது ஒரு குரல்.

அப்போது பாண்டியம்மா தலையைத் தூக்காமலேயே பேசினாள்.

"மச்சான், சத்தமாச் சொல்லுங்க. பின்னால இருக்கவுகளுக்குக் கேக்கல."

பந்தலே சிரித்தது. நிச்சயத்தன்று வாய் திறக்கும் பெண்ணை அந்த ஊர் பார்த்ததில்லை. மாப்பிள்ளைப் பையனும் சிரித்தான். பார்க்க நல்லவனாகத்தான் இருந்தான்.

"எனக்குச் சம்மதம்" என்றேன், பந்தல் முழுக்கக் கேட்கும்படி.

"இப்பக் கேட்டுச்சு" என்றாள்.